குற்றமில்லாத பிள்ளைக்கு மன்னிப்பு எதற்கு?

வடக்கு உகாண்டாவின் குலு நகரில் 2002இல் தொடங்கிய மெகா எஃப்.எம். வானொலிக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘டுவொக் பாச்சோ’ என்ற நிகழ்ச்சி. அச்சோலி மொழியில் ‘வீட்டுக்குத் திரும்பி வா’ என்று அர்த்தம். காட்டில் துப்பாக்கியோடு அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளையும் இளைஞர்களையும் கூப்பிடுவதற்காகவே நடந்த நிகழ்ச்சி அது. அவர்களைப் போலவே கடத்தப்பட்டு, சண்டை போட வைக்கப்பட்டு, பிறகு தப்பி வந்தவர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். உயிரோடுதான் இருக்கிறோம், ராணுவம் எங்களைக் கொன்றுவிடவில்லை, நீங்களும் வாருங்கள் என்றார்கள். அந்தக் குரல்களை நம்பி ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தவர்கள் பலர்.

ராணுவம் சுடாது என்று வானொலியால் உறுதி சொல்ல முடிந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு அதனால் உறுதி தர முடியவில்லை.

ஜோசப் கோனியின் ‘லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி’ 1980களின் பிற்பகுதியில் உருவானது. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளின்படி ஆட்சி அமைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்ட அந்தப் படை, ஆள் பலத்துக்குக் கண்ட வழி பிள்ளைகளைத் தூக்கிப் போவது. சுமார் இருபது ஆண்டுகளில் 25,000 குழந்தைகள் கடத்தப்பட்டார்கள் என்பது யுனிசெஃப் மதிப்பீடு. 1996 அக்டோபரில் அபோக்கே என்ற ஊரின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்குள் இரவில் புகுந்து 139 மாணவிகளைக் கொண்டுபோனார்கள். அங்கே பணியாற்றிய இத்தாலியக் கன்னியாஸ்திரி ரசேலே ஃபசேரா, பள்ளி ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காட்டுத் தடம் பார்த்துப் பின்தொடர்ந்து போய், கடத்திய குழுவின் தலைவனிடம் மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை அவன் விடவில்லை.

கடத்தப்பட்ட பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி, தலையில் கொள்ளைப் பொருளை ஏற்றி நாள்கணக்கில் நடத்தினார்கள். ஷியா கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசி, ‘இனி நீ எங்கள் ஆள்’ என்று சடங்கு செய்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் உண்மையான பூட்டு. தப்பிக்கப் பார்த்த இன்னொரு பிள்ளையை அடித்துக் கொல்லச் சொன்னார்கள். சில வேளை பக்கத்து வீட்டுக்காரரை, சில வேளை சொந்த உறவினரை. மறுத்தால் மறுத்த பிள்ளைக்கும் அதே கதி. இதை வெறும் கொடூரம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. திட்டமிட்டுச் செய்தது அது. இனி உன்னை ஊர் சேர்க்காது என்ற எண்ணத்தை ஒரு பத்து வயது மனதில் நட்டுவிட்டால் காவலுக்கு ஆள் தேவையில்லை. அச்சோலிக் கிராமம் எதைப் பாவமாகக் கருதுகிறதோ, அதையே அந்தப் படை வேலியாக நட்டது.

இங்கேதான் மதமும் தத்துவமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி எழுகிறது. கொலை செய்ய வைக்கப்பட்ட பிள்ளை குற்றவாளியா? இல்லை என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இருக்காது. அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு ஊர் தரும் மன்னிப்புக்கு என்ன பொருள்? குற்றம் செய்தவரைத்தானே மன்னிக்க முடியும்? குற்றமில்லாதவரிடம் போய் ‘உன்னை மன்னித்தோம்’ என்று சொன்னால், அது அவர் தலையில் குற்றத்தை ஏற்றிவிட்டு இறக்குவது ஆகாதா?

நடைமுறையில் உகாண்டா இந்தச் சிக்கலோடுதான் வாழ்ந்தது. 2000ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்தின் கீழ், ஆயுதத்தைக் கைவிட்டு வந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 26,000க்கும் மேற்பட்டோர் பெற்ற அந்தச் சான்றிதழை வாங்க வரிசையில் நின்றவர்களில், சிறு வயதில் கடத்தப்பட்டு அங்கேயே வளர்ந்தவர்கள் ஏராளம். போர்வை, மெத்தை, மண்வெட்டி, விதை, கொஞ்சம் பணம், கூடவே ‘கிளர்ச்சியைக் கைவிட்டவர்’ என்று எழுதிய தாள். கிளர்ச்சியில் தாமாகச் சேராதவர்கள் அதைக் கைவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களில் முன்னால் நின்றவர்கள் மதத் தலைவர்கள். குலுவின் கத்தோலிக்கப் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமா, கிட்கும் ஆங்கிலிகன் ஆயர் மெக்லியோட் பேக்கர் ஓச்சோலா ஆகியோரும் முஸ்லிம் தலைவர்களும் ‘அச்சோலி மதத் தலைவர்கள் சமாதான முயற்சி’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்திருந்தார்கள். கடத்தலுக்குப் பயந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் தினமும் மாலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்கு நடந்து வந்து, கடை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் படுத்தெழுந்து, காலையில் வீடு திரும்பிய காலம் அது. 2003இல் இந்தத் தலைவர்கள் தாங்களும் போய் அந்தப் பிள்ளைகளோடு தெருவில் படுத்தார்கள். ஓச்சோலாவின் மனைவி 1997இல் கண்ணிவெடியில் இறந்தவர்; மகளையும் இந்தப் போருக்குப் பறிகொடுத்திருந்தார் அவர். அப்படிப்பட்டவர் மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது, இழப்பு தெரியாமல் பேசுகிறார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்தவ மேடைகளில் இந்தப் பிள்ளைகளுக்காக அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது ஊதாரி மகன் உவமை. தூரத்தில் வரும் மகனைக் கண்டதும் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அந்தக் காட்சி எவரையும் உருக்கும். ஆனால் அந்த மகன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தானாகப் போனவன். இந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ‘நான் பாவம் செய்தேன்’ என்று சொல்ல வேண்டிய கடமை ஊதாரி மகனுக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. இஸ்லாமிய மரபு இந்த இடத்தில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பருவம் அடையாத பிள்ளையின் செயல் பாவக் கணக்கில் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி வழிவந்த கொள்கை. கணக்கே இல்லாத இடத்தில் கடனைத் தள்ளுபடி செய்யும் பேச்சுக்கு வேலை இல்லை.

அரிஸ்டாட்டிலும் இதைத் தொட்டிருக்கிறார். வற்புறுத்தலால் செய்யும் செயலுக்குப் பழி கிடையாது, இரக்கமும் மன்னிப்பும்தான் உண்டு என்கிறார். உடனே ஒரு விலக்கும் சொல்கிறார்: உயிரே போனாலும் செய்யக்கூடாத செயல்கள் சில உண்டு, தாயைக் கொல்வது போல. வளர்ந்த மனிதனிடம் அந்த வீரத்தை எதிர்பார்க்கலாமா என்பதே பெரிய விவாதம். பத்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதற்கு எந்த அறமும் இல்லை.

ஆக, குற்றம் இல்லை. மறுவாழ்வு மையங்களின் ஆலோசகர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: ‘உன்மேல் தப்பில்லை’. சரியான வாக்கியம்தான் அது. அவசியமான வாக்கியமும்கூட. ஆனால் பல பிள்ளைகளுக்கு அது போதவில்லை. இரவில் கனவு வந்தது. கொல்லப்பட்டவரின் முகம் வந்தது. அச்சோலி மக்கள் அதற்குச் ‘சென்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அநியாயமாகச் செத்தவரின் ஆவி, கொன்றவரையும் அந்த இடத்தைக் கடந்தவரையும் அவர் குடும்பத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கொன்றவர் வேண்டுமென்று செய்தாரா, கட்டாயத்தில் செய்தாரா என்று சென் கேட்பதில்லை.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன்னால், ஆங்கிலத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1970களில் எழுப்பிய ஒரு சிக்கலை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் தவறும் செய்யாத லாரி ஓட்டுநரின் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டுச் செத்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வருந்துவார்கள். ஓட்டுநரின் வருத்தம் அந்த வகை இல்லை. ‘உன்மேல் தப்பில்லையே’ என்று நாம் ஆறுதல் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ஆறுதலைக் கேட்டதும் ‘ஆமாம், தப்பில்லை’ என்று துடைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனால், அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்கே தோன்றும். குற்றத்துக்கும் வெறும் துயரத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்கிறார் வில்லியம்ஸ். ‘என் கையால் நடந்தது’ என்ற பாரம் அது. சட்டம் அதை இறக்கி வைக்காது. ‘நீ நிரபராதி’ என்ற தீர்ப்பு அதன் பக்கத்தில்கூடப் போகாது. காட்டிலிருந்து திரும்பிய பிள்ளை தூக்கிக்கொண்டு வருவது இந்தப் பாரத்தைத்தான்.

பௌத்த மரபின் அங்குலிமாலன் கதையும் இந்த இடத்துக்குத்தான் வருகிறது. வழிவழி உரைகளின்படி அவன் பிறவிக் கொடியவன் இல்லை. குருவின் கட்டளைக்குப் பணிந்து கொலையில் இறங்கிய நல்ல மாணவன். புத்தர் அவனைத் துறவியாக ஏற்றுக்கொள்கிறார். அதோடு கதை முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பிச்சைக்குப் போன இடத்தில் ஊரார் கல்லால் அடிக்கிறார்கள். பாத்திரம் உடைந்து, ஆடை கிழிந்து, தலையில் ரத்தம் வழியத் திரும்புகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். மனம் மாறிவிட்டது, ஆசான் ஏற்றுக்கொண்டார், ஆனால் ஊர் ஏற்கவில்லை. உள்ளே நடக்கும் விடுதலையும் வெளியே நடக்கும் சேர்ப்பும் வேறு வேறு என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மதக்கதை அரிது. பெரியவனான அங்குலிமாலனுக்குப் பொறுமையை உபதேசிக்கலாம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளை கல்லடியைப் பொறுக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அங்கே கல்லைக் கீழே போட வேண்டியது ஊர்.

அச்சோலிச் சடங்குகளின் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. ‘ஞோனோ டொங் குவெனோ’ என்றால் முட்டையை மிதிப்பது. நெடுநாள் வெளியே போயிருந்தவர் யாராக இருந்தாலும் வீட்டுக்குள் நுழையும் முன் செய்கிற பழைய சடங்கு. போர்க்காலத்தில் காட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் செய்தார்கள். வாசலில் மூன்று பொருள்கள். ஒரு பச்சை முட்டை. ஒபோபோ என்ற மரத்தின் கிளை. அதன் வழவழப்பை அந்தக் காலத்தில் சோப்பு போலப் பயன்படுத்தினார்கள். மூன்றாவது லாயிபி, தானியக் குதிரின் கூரையைத் தூக்கி நிறுத்தும் கவைக்குச்சி. முட்டைக்கு வாய் கிடையாது, யாரைப் பற்றியும் அது கெட்டது பேசாது என்பார்கள் பெரியவர்கள். கிளை அழுக்கைக் கழுவும். கவைக்குச்சி, நீ சாப்பிட்டு வளர்ந்த குதிர் இதுதான் என்று நினைவூட்டும். குடும்பமும் குலத்தாரும் சுற்றி நிற்க, பிள்ளை வலது காலால் முட்டையை மிதித்து உடைத்து, கிளையையும் குச்சியையும் தாண்டி முற்றத்துக்குள் வருகிறது.

என்ன செய்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ‘மன்னித்தோம்’ என்ற அறிவிப்பும் இல்லை, ‘நீ நிரபராதி’ என்ற தீர்ப்பும் இல்லை. வெளியே ஏதோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். அதைக் கழுவும் வேலையை ஊர் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறது. குற்றமும் இல்லாமல் வெறும் துயரமும் இல்லாமல் நடுவில் நிற்கும் அந்தப் பாரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி இறக்கி வைக்க மனிதர்கள் கண்டுபிடித்த முறை இது. எண்ணெய் பூசிச் செய்த சடங்கு ஒரு பிள்ளையைக் காட்டோடு கட்டிப்போட்டது என்றால், அதை அவிழ்க்கவும் ஒரு சடங்கு வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றத் தவறியவர்கள் பெரியவர்கள். பாதுகாப்புக்கு என்று சொல்லி அரசு மக்களை முகாம்களில் அடைத்தது. 2005 வாக்கில் வடக்கில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வாழ்ந்தார்கள். முகாமிலும் கடத்தல் நிற்கவில்லை. பெற்றோரும் ராணுவமும் அரசும் உலகமும் தவறிய இடத்தில், கழுவிக்கொள்ள வேண்டியது பிள்ளை மட்டும்தானா? சடங்கில் குலமே கூடி நிற்பதை, அந்தக் கேள்விக்கு ஊர் தரும் பதிலாகவும் பார்க்கலாம்.

மொசாம்பிக்கிலும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. உள்நாட்டுப் போரில் ரெனாமோ படையிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்கள் 1988இல் தலைநகர் மபூட்டோவின் லாங்குவேன் மையத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் 39 பேரை அமெரிக்க உளவியலாளர் நீல் பூத்பியும் அவரோடு இருந்தவர்களும் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போகும், குடும்பம் நடத்தும், பிள்ளைகளை அன்பாக வளர்க்கும் மனிதர்களாகியிருந்தார்கள். உதவியவை எவை என்று பார்த்தால், ஊரின் ஏற்பு, தூய்மைச் சடங்கு, தொழில் பழகும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்தே நின்றன. அந்நாட்டுக் கிராமங்களின் சடங்குகளை மானுடவியலாளர் அல்சிந்தா ஹொன்வானா பதிவுசெய்திருக்கிறார். ஓரிடத்தில் புல்லால் ஒரு சிறு குடிசை கட்டுகிறார்கள். படை முகாமிலிருந்து போட்டுக்கொண்டு வந்த உடைகளைச் சிறுவன் அதற்குள் கழற்றி வைத்துவிட்டு வெளியே வருகிறான். குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். பிறகு மூலிகைப் புகை, குளியல்.

சியரா லியோனில் 2002 முதல் போர்க்காலப் பிள்ளைகள் 500க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் தெரசா பெட்டன்கோர்ட் குழுவினரும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறார்கள். போரில் என்ன நடந்தது என்பது மட்டுமே ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில்லை. திரும்பி வந்த பிறகு ஊர் ஒதுக்கியதா சேர்த்துக்கொண்டதா என்பதும், பள்ளியில் தொடர முடிந்ததா என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. இலங்கைப் போரில் பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் ஆண்டுதோறும் பதிவு செய்துவந்தது. 2009இல் போர் முடிந்தபோது விடுதலைப் புலிகளின் படையிலிருந்து வந்தவர்களாகக் கணக்கிடப்பட்ட 594 சிறார்கள் மறுவாழ்வு மையங்களில் வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பயணத்துக்குத் தேதி குறிக்கலாம். வீட்டிலிருந்து ஊருக்குள் போகும் பயணத்துக்கு அப்படித் தேதி குறிக்க முடியாது என்பதை வன்னியின் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சடங்கைப் பற்றி இவ்வளவு உயர்வாகச் சொன்னதால் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். கொலைக்கென்றே அச்சோலிகளிடம் இருக்கும் பெரிய சடங்கு ‘மாட்டோ ஓபுட்’. கொன்றவரின் குலமும் இறந்தவரின் குலமும் நடுவர் மூலம் பேசி, நடந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஈடு கொடுத்து, கடைசியில் இரு தரப்பும் குனிந்து ஒரே சுரைக்குடுக்கையிலிருந்து கசப்பு வேரின் சாற்றைக் குடிப்பார்கள். கொல்லப்பட்டவர் எந்தக் குலம் என்று தெரிந்தால்தான் அது நடக்கும். இரவில் பெயர் தெரியாத ஊரில், பெயர் தெரியாத ஒருவரைக் கொல்ல வைக்கப்பட்ட பிள்ளை யாரோடு குடிப்பது? வெளிநாட்டினர் இந்தச் சடங்கை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கொண்டாடுவதை மானுடவியலாளர் டிம் ஆலன் அன்றே கண்டித்தார். முட்டை மிதிப்பதைப் பேய் வழிபாடு என்று தள்ளிய பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. அங்கே போன பிள்ளைகளுக்கு ஜெபமும் ஞானஸ்நானமும் அந்த வேலையைச் செய்தன. எந்தச் சடங்கு என்பதில் ஒரே விடை இல்லை. எல்லோரும் பார்க்க, எல்லோரும் கூடி ஏற்றுக்கொள்வது எல்லாவற்றுக்கும் பொது.

இன்னும் கடினமான கேள்வி, பிள்ளை எப்போது பிள்ளையாக இருப்பதை நிறுத்துகிறது என்பது. டொமினிக் ஓங்வென் பள்ளிக்கூடம் போகும் வழியில் சுமார் ஒன்பது வயதில் கடத்தப்பட்டார். அந்தப் படையிலேயே வளர்ந்து தளபதியானார். தன்னைப் போன்ற பிள்ளைகளைக் கடத்தவும் வைத்தார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டப்படி 18 வயதுக்குள் செய்த செயலுக்கு அங்கே வழக்கு இல்லை. 2002 முதல் 2005 வரை, அவர் வளர்ந்தவராக இருந்தபோது நடந்த குற்றங்களே விசாரிக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் 61 குற்றங்கள் உறுதியாயின. மே மாதத்தில் 25 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். சிறு வயதில் அவர் பட்டது தண்டனையைக் குறைத்தது, குற்றத்தை நீக்கவில்லை. அச்சோலி மரபுச் சடங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற ஓங்வென் தரப்பு வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்காக நின்று பார்த்தால் தீர்ப்பு நியாயமானது. சடங்கு, நடந்ததை மறக்கச் செய்யும் கருவியாகிவிடக் கூடாது. கொல்லப்பட்டவரின் தாய்க்கும் அந்த முற்றத்தில் ஓர் இடம் வேண்டும். ஆனால் 18ஆவது பிறந்தநாளை ஒரு கோடாகப் போட்டு, அதற்கு முந்தைய நாள்வரை பலியாள், மறுநாள் முதல் முழுப் பொறுப்பாளி என்று சொல்வது சட்டத்துக்குத் தேவைப்படும் ஒரு வசதி. மனித மனம் அப்படி வளர்வதில்லை. அந்தப் பிள்ளை 12 வயதிலோ 14 வயதிலோ திரும்பி வர ஒரு வழி இருந்திருந்தால் அந்த 61 குற்றங்களில் எத்தனை நடந்திருக்கும் என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. மறுசேர்க்கை என்பது போருக்குப் பிந்தைய இரக்கப் பணி மட்டும் இல்லை என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி.

இன்று மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுபவர்கள், தளபதிகளுக்கு ‘மனைவி’களாகப் பங்கிடப்பட்ட சிறுமிகளும் அவர்களுக்குக் காட்டில் பிறந்த பிள்ளைகளும். அச்சோலி வழக்கத்தில் நிலமும் குலப்பெயரும் தகப்பன் வழி வருகின்றன. தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளைக்கு, அல்லது தெரிந்தும் சொல்ல முடியாத பிள்ளைக்கு, உழ ஒரு துண்டு மண் கிடைப்பதில்லை; மாமன் வீட்டில் ‘கோனியின் பிள்ளை’ என்ற பேச்சைக் கேட்டு வளர வேண்டியிருக்கிறது. தாய்க்கு முட்டை மிதிக்கும் சடங்கைச் செய்து உள்ளே சேர்த்த குடும்பங்கள்கூட, அவள் இடுப்பில் இருந்த குழந்தையிடம் தயங்கி நின்றன. கோனிக்கே கட்டாய மனைவியாக்கப்பட்டு, பிள்ளைகளோடு மீண்டு வந்த எவலின் அமோனி இதை எழுதியும் பேசியும் வருகிறார். அவர் முன்னின்று நடத்திய பெண்கள் குழு 2014இல் உகாண்டா நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தது. சில தாய்மார் தங்கள் பிள்ளைகளின் தகப்பன் வழிக் குலத்தைத் தேடிப் போய், அந்தப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, உறவை நிலைநாட்டும் முயற்சியில் இறங்கினார்கள்.

ஓங்வென் வழக்கில் 2024 பிப்ரவரியில் வந்த இழப்பீட்டு ஆணை, அப்படிப் பிறந்த பிள்ளைகளையும் படையில் சேர்க்கப்பட்ட சிறார்களையும் பாதிக்கப்பட்டவர்களாகவே ஏற்றது. 49,000க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு 750 யூரோ அடையாளத் தொகை, அதோடு மருத்துவம், மறுவாழ்வு போன்ற கூட்டு உதவிகள் என மொத்தம் 5 கோடி யூரோவுக்கும் மேல். ஓங்வெனிடம் பணம் இல்லை. நீதிமன்றத்தின் நிதியம் நன்கொடை திரட்டித்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை வந்து சேர்ந்தாலும் அதனால் ஒரு குலப்பெயரை வாங்கித் தர முடியாது. அதைத் தரக்கூடியவர்கள் கிராமத்து மரத்தடியில் கூடி நிலத்தைப் பங்கிடும் பெரியவர்கள்தான். முட்டையை வாசலில் வைக்கத் தெரிந்த அந்தப் பெரியவர்கள், காட்டில் பிறந்த பிள்ளைக்கும் நிலத்தில் ஒரு வரப்பை அளந்து கொடுக்கத் தயாராக வேண்டும். அவர்களை அதற்குச் சம்மதிக்க வைப்பது ஆயரின், இமாமின், பள்ளி ஆசிரியரின் அடுத்த வேலை.